சிரிப்புக்கு இத்தனை பெயரா: மெரியம்-வெப்ஸ்டரின் ஒருபொருட்சொல் அகராதி

மூன்று வருடமாக என் மேசையில், கைக்கு எட்டுகிற இடத்திலேயே கிடக்கிற ஓர் அகராதியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். மெரியம்-வெப்ஸ்டரின் ‘டிக்‌ஷனரி ஆஃப் சினானிம்ஸ்’. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவர்களுக்கும், ஆங்கிலக் கதை படிக்கும்போது ‘இந்த ஆள் இப்போ கிண்டல் பண்றானா, வருத்தப்படுறானா’ என்று தடுமாறி நிற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். புத்தகம் முழுவதையும் அலசப் போவதில்லை, 900 பக்கத்தைத் தாண்டுகிற புத்தகம் அது. பேச்சில் வருகிற நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் இருக்கிற சொற்களை அது எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். நான் அதிகம் புரட்டியது அந்தப் பக்கங்களைத்தான், அதை வாங்கக் காரணமாக இருந்ததும் அப்படி ஒரு சொல்தான்.

ஒரு ஆங்கில நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சாவு வருகிறது. வாழ்நாள் முழுக்க எதற்குமே நேரத்துக்கு வந்து பழக்கமில்லாத ஒரு அப்பா. அவருடைய உடலை ஏற்றிய வண்டி சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், கல்லறைத் தோட்டத்து வாசலில் வந்து நிற்கிறது. மூத்த மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா இன்னைக்குத்தான் நேரத்துக்கு வந்திருக்கார்” என்கிறான். அவன் அதைச் சொன்ன விதத்துக்கு ஆசிரியர் போட்டிருந்த சொல் ‘சார்டானிக்’. நான் ‘கிண்டலாகச் சொன்னான்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதிப்பகத்தில் பிரதியைச் செப்பம் செய்கிற அக்கா மறுநாள் போன் செய்தார்.

“ஏம்ப்பா, இந்தப் பையனுக்கு அப்பாவைப் பிடிக்காதா?”

“இல்லக்கா, அப்பான்னா உயிரு அவனுக்கு. அடுத்த அத்தியாயத்துல அவர் சட்டையைக் கட்டிப்பிடிச்சுட்டுத் தூங்குவான்.”

“அப்புறம் எதுக்குப் பிணத்தைப் பார்த்துக் கிண்டல் பண்றான்?”

என்னிடம் பதில் இல்லை. வீட்டில் இருந்த ஆங்கிலம்-தமிழ் அகராதிகளை எடுத்துப் பார்த்தால் சார்டானிக் என்றாலும் ஏளனம், சார்காஸ்டிக் என்றாலும் ஏளனம், சட்டையர் என்றால் ஏளனம் அல்லது அங்கதம். நாலு தெரு வழியாகப் போனாலும் ஒரே முச்சந்தியில் கொண்டுவந்து விடுகிற மாதிரி. அந்த வாரத்தில்தான் இந்த அகராதியைத் தேடிப் போனேன்.

இது வெறும் சொற்பட்டியல் இல்லை, முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண தெசாரஸில் ஒரு சொல்லுக்கு நேரே இருபது சொற்களைக் கொட்டி வைத்திருப்பார்கள், நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எடுத்தது சரியா தவறா என்று சொல்ல ஆள் இருக்காது. இங்கே நெருங்கிய சொற்களை ஒரே இடத்தில் நிறுத்தி, முதல் வரியில் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக, இது மற்றதிலிருந்து எங்கே விலகுகிறது என்று நின்று நிதானமாக விளக்குகிறார்கள், எழுத்தாளர்கள் பயன்படுத்திய வரிகளை மேற்கோளாகத் தருகிறார்கள். கடைசியில் சிறிய எழுத்தில் நெருங்கிய சொற்கள், முரண்படுகிற சொற்கள், எதிர்ச்சொற்கள். மற்ற சொற்களைத் தேடிப் போனால், ‘விளக்கம் அங்கே இருக்கிறது, அங்கே போ’ என்று அம்புக்குறி மாதிரி ஒரு வரி இருக்கும். 1942-இல் முதல் பதிப்பு, 1968-இல் திருத்திய பதிப்பு, என்னிடம் இருப்பது 1984-இல் வந்தது. முன்னுரையில் ஆங்கிலத்தில் இந்த வேலையை யார் யார் செய்தார்கள் என்ற வரலாறே இருக்கிறது. 1794-இல் இப்படி ஒரு நூலை எழுதிய ஹெஸ்டர் பியோட்ஸி, அகராதி செய்த சாமுவேல் ஜான்சனுக்கு நெருங்கிய தோழியாக இருந்தவர். ஒருபொருட்சொற்களை இப்படிப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் அங்கே இருநூறு வருடத்துக்கும் மேலானது.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஜோக்’ என்ற சொல்லின் கீழே எட்டுச் சொற்களை நிறுத்தியிருக்கிறார்கள்: ஜோக், ஜெஸ்ட், ஜேப், க்விப், விட்டிசிஸம், வைஸ்கிராக், கிராக், கேக். எட்டுமே சிரிக்க வைக்கச் சொல்வது அல்லது செய்வதுதான். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘நகைச்சுவைத் துணுக்கு’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறோம்.

ஆனால் ஜோக் என்றால் அது பெரும்பாலும் ஒரு குட்டிக் கதை, கடைசியில் ஒரு திருப்பம் இருக்கும், யாரோ சொன்னதை நாம் இன்னொருவருக்குச் சொல்லலாம். கையிலிருந்து கைக்கு மாறுகிற காசு மாதிரி. க்விப் அப்படி இல்லை. அது அந்த நேரத்தில், அந்தப் பேச்சுக்கு நடுவே, சட்டென்று ஒரே வரியில் விழுந்து முடிந்துவிடும். மறுநாள் ஆபீஸில் போய்ச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது, ‘நீ அங்கே இருந்திருக்கணும்’ என்று சமாளிக்க வேண்டியிருக்கும். ஜெஸ்ட் கொஞ்சம் பழைய வாசனை உள்ள சொல், இன்றைக்குப் பெரும்பாலும் எழுத்தில்தான் வரும். லத்தீனில் ‘செயல்கள்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, வீரச் செயல்களைச் சொல்லும் கதை என்றிருந்து, பிறகு பொழுதுபோக்குக் கதையாகி, கடைசியில் விளையாட்டுப் பேச்சு ஆகிவிட்டது. விட்டிசிஸம், வைஸ்கிராக், கிராக் மூன்றையும் ஒன்றாகக் கட்டி, கூர்மையான, பெரும்பாலும் கடிக்கிற பதில் என்கிறது அகராதி. கேக், தின்கிற கேக் இல்லை, முதலில் நாடகத்தில் நடிகர் இடையில் செருகுகிற வசனம் அல்லது சேஷ்டை, பிறகு சினிமா, வானொலி, தொலைக்காட்சிக்கு எழுதிவைத்த சிரிப்பு.

இந்த இடத்தில் அகராதியோடு எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. விட்டிசிஸத்தையும் வைஸ்கிராக்கையும் ஒரே கூடையில் போட்டது சரியில்லை என்றே நினைக்கிறேன். விட்டிசிஸம் சொல்கிறவர் அதைக் கொஞ்சம் செதுக்கிச் சொல்கிறார், வரவேற்பறையில் நல்ல உடையோடு உட்கார்ந்திருக்கிற சொல் அது. வைஸ்கிராக் அமெரிக்கத் தெருவில் பிறந்த சொல், அதில் ஒரு வாய்த்துடுக்கு இருக்கிறது, எதிரில் இருப்பவர் போலீஸ்காரராக இருந்தாலும் வாத்தியாராக இருந்தாலும் ‘உனக்கு நான் பயப்பட மாட்டேன்’ என்கிற தோரணை. துப்பறியும் கதை மொழிபெயர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். துப்பாக்கி முனையில் நிற்கிற துப்பறிவாளன் சொல்வது வைஸ்கிராக். அதை ‘சாதுரியமாகக் கூறினான்’ என்று எழுதினால் அவனுடைய திமிர் காணாமல் போய்விடும். ‘நக்கலாக’ என்பது கிட்டத்தட்டப் பொருந்தும், ‘லொள்ளு’ இன்னும் கிட்டே வரும், ஆனால் லொள்ளில் ஒரு செல்லம் இருக்கிறது, இடத்தைப் பார்த்துத்தான் போட முடியும்.

அடுத்தது விட், ஹ்யூமர். இந்த இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைப் போடுவதுதான் எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் செய்கிறது. விட் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘அறிதல்’ என்ற சொல்லோடு உறவு. சாட்சிக்கு இருக்கிற விட்னெஸ் என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான், அறிந்தவர் சாட்சி. முதலில் அறிவு, மதி, அப்புறம் கூர்மதி, அப்புறம்தான் கூர்மதியால் வருகிற சிரிப்பு. சுருக்கமே விட்டின் உயிர் என்று ஹாம்லெட் நாடகத்தில் பொலோனியஸ் சொல்கிற வரி நம் ஊர் மேடைகளிலும் அடிக்கடி காதில் விழும், ‘நகைச்சுவை சுருக்கமாக இருக்க வேண்டும்’ என்று பொருள் சொல்லிவிடுவார்கள். அங்கே விட் என்பதற்கு நகைச்சுவை என்று பொருள் இல்லை, அறிவு, விவேகம். சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து அந்த மனிதர் நீட்டி முழக்குவதுதான் அந்தக் காட்சியின் சிரிப்பு, அதை ஷேக்ஸ்பியர் வேறு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்.

ஹ்யூமர் லத்தீனில் ஈரம். உடம்பில் ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்று நாலு நீர் ஓடுகிறது, எது தூக்கலோ அதுதான் ஒருவனுடைய குணம் என்று ஐரோப்பிய வைத்தியம் வெகுகாலம் நம்பியது. நம் வாத பித்த கபம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நீர் குணமாகி, குணம் கோணல் குணமாகி, கோணல் குணமுள்ளவரைப் பார்த்து வருகிற சிரிப்பு ஹ்யூமர் ஆனது. அதனால்தான் ஹ்யூமரில் ஆள் இருக்கிறார், விட்டில் சொல் இருக்கிறது. என் பாட்டி கரண்ட் போனதும் டிவி மேல் துண்டைப் போர்த்திவிட்டு ‘அதுவும் சித்த நேரம் தூங்கட்டும்’ என்பார். அவர் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை, மெய்யாகவே டிவிக்குக் களைப்பு என்று நினைத்தார். அதை நான் உங்களுக்குச் சொல்லி நீங்கள் பாட்டிமேல் பிரியத்தோடு சிரித்தால் அது ஹ்யூமர். பக்கத்து வீட்டு மாமா அதைப் பார்த்து ‘எங்க வீட்டு டிவி தூங்கறதே இல்ல, பார்க்கிறவங்கதான் தூங்கறோம்’ என்றாரே, அது விட். சொல்லைத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான், பாட்டி அதில் இல்லை.

‘விட்டி’ என்ற உரிச்சொல்லுக்கு இந்த அகராதி ஒரு தனி வரிசை வைத்திருக்கிறது: விட்டி, ஹ்யூமரஸ், ஃபெசீஷஸ், ஜாக்யுலர், ஜோகோஸ். இதில் ஃபெசீஷஸ்தான் எனக்குப் பெரிய உதவி. சிரிக்க வைத்தே தீருவது என்ற ஆசை முந்திக்கொண்டு, இடமும் நேரமும் பார்க்காமல் வருகிற பேச்சு. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குகிறவரிடம் ‘பயப்படாதீங்க, சொத்து யாருக்குன்னு எழுதியாச்சா’ என்று கேட்கிற ஆள் இருப்பாரே, அவர். தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை, ‘நேரங்கெட்ட நேரத்தில் வேடிக்கை’ என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். ஜாக்யுலர் அப்படியில்லை, அது அந்த மனிதரின் சுபாவம், எப்போதும் கலகலவென்று இருப்பவர், கல்யாண வீட்டில் சமையல்கட்டிலிருந்து பந்தி வரைக்கும் அவர் குரல் கேட்கும். ஒரு பாத்திரத்தை ஆசிரியர் ஜாக்யுலர் என்கிறாரா ஃபெசீஷஸ் என்கிறாரா என்பதில் ஆசிரியருக்கு அந்த ஆளைப் பிடிக்குமா பிடிக்காதா என்பதே தெரிந்துவிடும். இதை நான் இந்தப் பக்கத்தைப் படிக்கும்வரை கவனித்ததே இல்லை.

இப்போது என் சார்டானிக்குக்கு வருகிறேன். சார்காஸ்டிக், சட்டையரிக், ஐரானிக், சார்டானிக், நாலும் ஒரே வரிசை. நாலுக்கும் பொது, கசப்பும் குத்துகிற சக்தியும். சார்காஸ்டிக் என்றால் வேண்டுமென்றே நோகடிப்பது, கிரேக்க வேர்ச்சொல்லுக்குச் சதையைக் கிழிப்பது என்று பொருள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சொல்லை நான் லேசில் பயன்படுத்துவதில்லை. சட்டையரிக் என்றால் தவறைப் பழிப்பதற்காகச் சிரிப்புக்கு இடமாக்குவது. ஐரானிக் என்றால் சொன்னதற்கு எதிர்மாறானதைக் குறிப்பது. சார்டானிக் என்றால் வெறுப்போ இகழ்ச்சியோ சொல்லில் மட்டுமில்லாமல் முகத்திலும் தெரிவது. சார்டினியாத் தீவில் ஒரு செடி உண்டு, அதைத் தின்றால் முகம் சிரிப்பதுபோல் கோணிக்கொள்ளும் என்று பழைய காலத்தில் நம்பினார்கள், சொல் அங்கிருந்து வந்தது.

படித்தேன், சரி என்று தோன்றியது, ஆனால் என் பையன் பிரச்சினை தீரவில்லை. அவனுக்கு வெறுப்பு இல்லையே. இதுதான் இந்த அகராதியின் எல்லை என்று சொல்வேன். சொல்லில் என்ன இருக்கிறது என்று மிக நன்றாகச் சொல்கிறது, சொல்கிறவர் ஏன் அதைச் சொல்கிறார் என்ற இடத்தில் பல நேரம் நின்றுவிடுகிறது.

மீதி விடை இன்னொரு புத்தகத்தில் கிடைத்தது, அதைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. ஹென்றி ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட ‘மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்’, ஆங்கிலச் சொற்களை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்கிற அகராதி. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், தம்பி ஃபிரான்சிஸோடு சேர்ந்து வேலை செய்தவர், தம்பி 1918-இல் இறந்துபோன பிறகு தனியாக எழுதி முடித்து அந்தத் தம்பிக்கே காணிக்கையாக்கிய புத்தகம். அதில் ஹ்யூமர் என்ற தலைப்பின் கீழே ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது, அரைப் பக்கம்கூட வராது. எட்டுச் சொற்கள்: ஹ்யூமர், விட், சட்டையர், சார்காசம், இன்வெக்டிவ் (நேரடி வசை), ஐரனி, சினிசிசம், சார்டானிக். ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லவே மாட்டார். அதற்குப் பதிலாக நாலு கேள்விக்கு விடை தருவார்: எதற்காக, எதைப் பற்றி, எந்த வழியில், யாருக்காக.

அந்த நாலாவது கேள்விதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. சார்காசத்துக்குக் கேட்பவர் யார் என்றால் அடிபடுகிறவரும் பக்கத்தில் நிற்பவரும் என்கிறார். எவ்வளவு சரி என்று பாருங்கள். கிளாஸில் வாத்தியார் ஒரு பையனை ‘வாங்க கலெக்டர் சார், உட்காருங்க’ என்று சொல்வதற்கு மற்ற நாற்பது பேர் அங்கே இருந்தாக வேண்டும், தனியாக அந்தப் பையனிடம் அதைச் சொல்ல மாட்டார். ஹ்யூமருக்குக் கேட்பவர் பரிவுள்ளவர். விட்டுக்கு அறிவுள்ளவர். சட்டையருக்குத் தன்மேல் தானே திருப்தியாக இருக்கிறவர். ஐரனிக்கு ஓர் உள்வட்டம். ஐரனி என்றாலே இரண்டு வகை ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒருவருக்கு மேலே உள்ள பொருள் மட்டும் தெரியும், இன்னொருவருக்கு உள்ளே இருப்பதும் தெரியும், வெளியே நிற்பவருக்குப் புரியவில்லை என்பதும் தெரியும் என்று வேறோரிடத்தில் விளக்குகிறார். பள்ளியில் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் வருகிற ஆன்டனியின் பேச்சைப் படித்திருப்பீர்கள், புரூட்டஸ் கண்ணியமானவர், புரூட்டஸ் கண்ணியமானவர் என்று திரும்பத் திரும்பச் சொல்வானே. முதல் தடவை சொல்லும்போது கூட்டம் வெளிவட்டத்தில் நிற்கிறது, அதை அப்படியே நம்புகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டனி அவர்களை உள்வட்டத்துக்குள் இழுக்கிறான், கடைசியில் கண்ணியம் என்ற சொல்லைக் கேட்டாலே கூட்டம் கொதிக்கிறது. ஒரே சொல், மாறியது கேட்பவர்கள் நின்ற இடம் மட்டும்தான்.

அட்டவணையின் கடைசி வரியில் சார்டானிக். எதற்காக? தன் மனத்தை ஆற்றிக்கொள்ள. எதைப் பற்றி? துன்பத்தைப் பற்றி. எந்த வழியில்? நம்பிக்கை இழந்த பார்வையால். யாருக்காக? தனக்காக.

அந்த ஒரு வரியைப் படித்ததும் கல்லறை வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பையன் முழுசாகத் தெரிந்தான். அவன் அப்பாவிடம் சொல்லவில்லை, பக்கத்தில் நிற்கிற தம்பியிடமும் சொல்லவில்லை. அழாமல் நிற்பதற்கு அவனுக்கு ஏதாவது ஒன்று தேவையாக இருந்தது. ‘கிண்டலாகச் சொன்னான்’ என்பதை அடித்துவிட்டு, ‘யாரையும் பார்க்காமல், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னான். உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது’ என்று எழுதினேன். உதடு சார்டினியாச் செடியிலிருந்து வந்தது, ‘தனக்கே’ ஃபௌலரிடமிருந்து வந்தது. அக்கா அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

இந்த இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் பழகிய பிறகு ஒன்று புரிந்தது. இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே மாதிரியான சொற்கள் இல்லை. பன் (சிலேடை), க்விப், கேக் எல்லாம் வடிவத்தின் பெயர்கள். சார்காசம், சட்டையர், சார்டானிக் எல்லாம் நோக்கத்தின் பெயர்கள். அதனால் ஒரே பேச்சு இரண்டு பெயருக்கும் உரியதாக இருக்கலாம். ரோமியோ ஜூலியட்டில் மெர்குஷியோ குத்துப்பட்டுச் சாகிறபோது, நாளைக்கு என்னைத் தேடி வா, கல்லறை ஆளாக இருப்பேன் என்கிறான். ‘கிரேவ்’ என்றால் கல்லறையும்தான், இறுக்கமான, விளையாட்டை விட்ட முகமும்தான். வடிவம் சிலேடை. நோக்கம், சாவை நேராகப் பார்க்க முடியாமல் பக்கவாட்டில் பார்ப்பது. சிலேடைக்கு இணையாக இன்னொரு சிலேடையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, வலியைத் தவறவிட்டால் அந்த மொழிபெயர்ப்புத் தோற்றது என்றுதான் அர்த்தம். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் வலியைக் காப்பாற்றுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவினை எல்லாம் ஆங்கிலத்துக்கே உரியது, நமக்கு ‘நகைச்சுவை’ என்ற ஒரே சொல்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கிற இடம் நாலு என்கிறது தொல்காப்பியம். செய்யுளியலில் அங்கதத்தையும் இரண்டாகப் பிரிக்கிறது. நேராக வசை பாடுவது செம்பொருள் அங்கதம், வசையை உள்ளே மறைத்து வைப்பது பழிகரப்பு அங்கதம். ஃபௌலரின் அட்டவணையில் இன்வெக்டிவ் நேரடியாகச் சொல்வது, ஐரனி மறைத்துச் சொல்வது என்று வருகிற அதே கோடுதான். புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்து, உன் வேல்கள் மயில்பீலி சூடி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவை முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடுகிறாரே, அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்பவர் வெளிவட்டம், யார் போருக்குப் போனவன் என்று புரிந்துகொள்பவர் உள்வட்டம். சொற்கள் நம்மிடம் இருந்தன. புழக்கத்திலும் நிறைய இருக்கின்றன: நக்கல், நையாண்டி, குத்தல், எகத்தாளம், குசும்பு, பரிகாசம், பகடி, கடி. இவற்றை இந்த அகராதி மாதிரி வரிசையாக நிறுத்தி, நக்கலுக்கும் எகத்தாளத்துக்கும் என்ன வித்தியாசம், குசும்பு எந்த ஊரில் செல்லம், எந்த ஊரில் வசை என்று மேற்கோளோடு எழுதிய ஒரு புத்தகம் என் மேசையில் வேண்டும். ரொம்ப ஆசையாக இருக்கிறது.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, புத்தகம் பழசு. மேற்கோள்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை எழுதியவர்களுடையவை. இணையத்துக்கு முந்தியது என்பதால் ட்ரோல், ஸ்னார்க் மாதிரியான சொற்களை இதில் தேடிப் பயனில்லை. இரண்டாவது, தனிச் சொற்களுக்குத்தான் இங்கே மரியாதை. காலை வாருகிறார்கள் என்று நாம் சொல்வது மாதிரி ஆங்கிலத்தில் எத்தனையோ தொடர்கள் உண்டு, அவற்றுக்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது, எழுத்து பொடி. ராத்திரி வேலை செய்கிறவர்கள் நல்ல விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இதே நிறுவனத்தின் தெசாரஸ் வேறு, இந்த அகராதி வேறு, பெயர் நெருக்கமாக இருப்பதால் விற்கிறவர்களே குழம்புகிறார்கள். நான் முதலில் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியபோது பாக்கெட் தெசாரஸ்தான் வந்தது, திருப்பி அனுப்பிப் பணம் வாங்க ஒரு மாதம் ஆனது. அப்புறம் பழைய புத்தகக் கடையில் 700 ரூபாய்க்கு இந்தப் பிரதி அகப்பட்டது, முதுகில் டேப் ஒட்டியிருந்தாலும் உள்ளே ஒரு பக்கமும் போகவில்லை. அட்டையில் ‘டிக்‌ஷனரி ஆஃப் சினானிம்ஸ்’ என்று இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இப்போதைக்குச் செலவு வேண்டாம் என்றால் மெரியம்-வெப்ஸ்டரின் இணையதளத்தில் பல சொற்களுக்குக் கீழே இந்த ஒப்பீட்டின் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கிறது, மேற்கோளும் விரிவும்தான் இருக்காது. ஃபௌலரின் 1926 பதிப்பை ஆக்ஸ்ஃபோர்டு 2009-இல் டேவிட் கிரிஸ்டலின் முன்னுரையோடு மறுபடி அச்சிட்டது, கிடைத்தால் விடாதீர்கள், அந்த அரைப் பக்க அட்டவணைக்காகவே வாங்கலாம்.

இப்போது மேசையில் இருக்கிற நாவலில் இரண்டு கிழவிகள். ஐம்பது வருடச் சிநேகிதிகள், தினமும் சாயங்காலம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருத்தி ஒரு நாள் வரவில்லை என்றால் இன்னொருத்தி சாப்பிட மாட்டாள். ஆசிரியர் அதை ‘பேன்டர்’ என்கிறார். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சொல் அது, 1710-இல் ஜானதன் ஸ்விஃப்ட் இதெல்லாம் ஒரு சொல்லா என்று பத்திரிகையில் எரிந்து விழுந்தும் நிலைத்துவிட்டது. அகராதியில் இதன் பக்கத்தில் சாஃப், கிட், ராக், ஜோஷ், ரிப், ஜாலி என்று ஆறு சொற்கள், எல்லாமே மனத்தில் விஷம் இல்லாத சீண்டல். அதில் ராக் மட்டும் கொஞ்சம் எல்லை மீறுவது. அதுதான் நம் கல்லூரிகளுக்கு ராகிங்காக வந்து சேர்ந்தது, 1997-இல் தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு இங்கே அது வேறொன்றாக ஆகிவிட்டது.

பேன்டருக்கு வருகிறேன். கேலி என்றால் ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே ஆகிவிடுகிறார்கள். கிண்டலும் அப்படித்தான். வாயாடல் என்றால் பிரியம் போய்விடுகிறது. அரட்டை என்றால் சீண்டல் போய்விடுகிறது. ‘கேலியும் கிண்டலுமாக’ என்று இரட்டையாகப் போட்டால் கொஞ்சம் சமமாகிறது, ஆனால் ஒரே பக்கத்தில் நாலு தடவை அதை எழுத முடியாது. இரண்டு பேரும் மாறி மாறிச் சீண்டி, இரண்டு பேருக்கும் வலிக்காமல், இரண்டு பேருக்கும் அது வேண்டியிருக்கிற பேச்சுக்கு உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் ஏதாவது சொல் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் அக்காவிடம் பிரதியைக் கொடுக்க வேண்டும்.